மெதுவாக வருகிறவர்களை வெட்டாத சலீம் பாய்

வாழவந்தி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டோடு அந்தச் செய்தியையும் கொடுத்தார். "சலீம் பாய் போயிட்டாருங்க." "சும்மா இருப்பா, சர்வரையே நிறுத்தாத மனுஷன் மூச்சை நிறுத்துவாரா?" என்றேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. அப்போதுதான் நம்பினேன்.

உங்களில் பலர் அவருடைய ஏற்காட்டு ஸ்டேஷனரி கடைக்குப் போயிருப்பீர்கள். பின்னறையில்தான் எஸ்டேட்டுகளுக்கும் ஓட்டல்களுக்குமான மெயில் சர்வர் ஓடியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜீப் டிரைவர். ஓய்வுபெற்ற பிறகு என் உத்தியோகம், அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து அவரைச் சீண்டுவது.

"ஏனுங்க பாய், இந்தப் பொட்டி இப்புடிக் கொதிக்குது, டீ போட்டுக்கலாங்களா?"

"பொட்டி வேலை செஞ்சு சூடாவுதுங்ண்ணா. நீங்க சும்மா உக்காந்தே ஸ்டூலைச் சூடாக்கறீங்க."

மழையில் போன கரண்ட் திரும்பினால் மலை முழுக்க ஒரே நேரத்தில் மெயிலைத் திறப்பார்கள். சர்வரில் லாகின் பார்க்கும் இடத்தில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று கணக்கு உண்டு. சிக்னல் சரியாகக் கிடைக்காத கொட்டச்சேடு கிராமத்துப் போன் ஒன்று வந்து இடம் பிடிக்கும். பாஸ்வேர்டு சொல்வதற்குள் சிக்னல் போய்விடும். அந்தப் போன் விலகவும் விலகாது, வழியும் விடாது. பின்னால் வருகிறவர்கள் மறுபடி மறுபடி தட்டுவார்கள். இப்படி நிற்பவர்களின் இணைப்பை மற்ற ஊர்களில் சட்டென்று வெட்டிவிடுவார்களாம். பாய் மட்டும் நீண்ட நேரம் காத்திருந்தார்.

ஒருநாள் நன்றாக அடைத்துக்கொண்டது. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். "இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா, நாங்க எல்லாரும் வேற கம்பெனிக்கு மாறிக்குவோங்க பாய்." எஸ்டேட்டுகள் போய்விட்டால் சர்வரை மூட வேண்டியதுதான். பாயின் முகம் சுருங்கிவிட்டது.

"மெதுவா வர்றவனை வெட்டித் தொலைங்களேன்" என்றேன்.

"அதெப்புடிங்ண்ணா? சிக்னல்தானே மெதுவு. ஆளு வந்துட்டுத்தானே இருக்கான்?"

சாயங்காலத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார். இடம் இருக்கிறவரை யாரும் காத்திருக்கலாம். நிறைந்துவிட்டால் மட்டும், பாஸ்வேர்டு சொல்லாமல் அதிக நேரம் நிற்பவர் விலகுவார், புதியவர் நுழைவார். விலகியவரின் போன் பிறகு தானாகவே வந்து தட்டிக்கொள்ளும்.

அடுத்த மழையில் கரண்ட் போய்த் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் அழைப்பு. எடுக்கப் பயந்து பாய் போனை என் கையில் திணித்தார். "மெயிலெல்லாம் பட்டுனு தொறக்குதுன்னு பாய்கிட்டச் சொல்லிருங்க" என்றார் மேனேஜர். நான் முகத்தைத் தொங்கப்போட்டு, "போச்சுங்க பாய்" என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடை ஸ்கேலை எடுத்து முதுகில் ஒன்று வைத்தார். நொம்ப நல்ல ஸ்கேல்.

நான் அவசரக்காரன். யாரையாவது போனில் கூப்பிட்டால் மூன்றாவது ரிங்குக்குள் வைத்துவிடுவேன். இப்போது கடைசிவரை அடிக்க விடுகிறேன். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நேற்று பழக்கதோஷத்தில் அவர் எண்ணையே அழைத்துவிட்டேன். முழுதாக அடித்து ஓயும் நேரத்தில் அவர் மனைவி நூர்ஜஹான் எடுத்தார்.

"இன்னிக்கு யாரைச் சீண்டறதுக்குங்ண்ணா கூப்புட்டீங்க?"

"இனிமே உன்னையத்தான், தங்கச்சி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.