அடிவயிற்றுக் கலக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு பேர்

வடக்குப்பட்டு கலைமணியைத் தெரியாத கபடி டீம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. எதிர்க்கோட்டில் ஏழு பேர் கை கோத்து நிற்பார்கள். இவள் ஒத்தை ஆளாக மூச்சைக் கட்டிப் பாடிக்கொண்டு உள்ளே போவாள், ரெண்டு பேரைத் தொட்டுவிட்டு நழுவி வந்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், மேஜைக்குப் பின்னால் இருந்தவர் "வாட் இஸ் மோட்டிவேஷன்?" என்று ஒரு கேள்வி கேட்டதும் வாயடைத்துப் போனாள். பதில் தெரியாமலா? தமிழில் கேட்டிருந்தால் பொழுது சாயும் வரைக்கும் பேசியிருப்பாள். பாழாய்ப் போன வாய் திறந்தால்தானே! அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "நெக்ஸ்ட்" என்றார். அவ்வளவுதான், ஃபெயில்.

அது கபடி கோச் சர்ட்டிபிகேட்டுக்கான கோர்ஸ். மைதானத்தில் நடந்த டெஸ்ட்டில் அவள்தான் முதல். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதிப் பாஸாகிவிட்டாள். விளையாட்டு மனோதத்துவம் என்று ஒரு பாடம், ஸ்போர்ட்ஸ் சைக்காலஜி. அதற்கு மட்டும் நேருக்கு நேர் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு தடவை வரலாம் என்றார்கள். அதையும் கோட்டை விட்டால் மொத்தமும் போச்சு. சர்ட்டிபிகேட்டோடு வந்தால் கோச் வேலை தருகிறோம் என்று ஒரகடம் பக்கத்து ஸ்கூல் ஒன்று சொல்லியிருந்தது. முழங்கால் ஜவ்வு கிழிந்ததிலிருந்து அவளால் பழையபடி ஆட முடியாது. கோச்சாக வேண்டும், இல்லையென்றால் கபடிக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இப்போது போலவே செல்போன் கம்பெனி லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கியே காலம் போகும்.

"ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போயேன்டி" என்றாள் ரஞ்சனி. அதே லைன், அதே கம்பெனி பஸ், பக்கத்து சீட்டு.

போனாள். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மொபைல் கடை மாடியில் கிளாஸ். முதல் பாடமே ஹோட்டலில் சூப் ஆர்டர் செய்வது எப்படி என்பது. மறுநாள் பஸ்ஸில் ஏறினதும் ஏறாததுமாக வெடித்தாள்.

"சூப்பு வேணுமாம் சூப்பு! நானு எந்த ஹோட்டல்ல போயி சூப்பு கேக்கப் போறேன்? ஒரு வார்த்த மண்டையில நிக்கல."

"அப்போ இன்னா பண்ணப் போற?"

"இதையே படிக்கப் போறேன்" என்று பையிலிருந்து சைக்காலஜி புத்தகத்தை உருவினாள். "இங்கிலீஷ கத்துக்கினு அப்பால இத்த படிக்கறதுக்கு, இத்த வெச்சே இங்கிலீஷ கத்துக்கறேன்."

ரஞ்சனி சிரித்தாள். சிரிக்கத்தான் செய்வாள். அரிச்சுவடி தெரியாதவள் நேராகக் கடைசிப் பாடத்தில் கை வைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் கலைமணி விடாக்கண்டி. முதல் பக்கத்தில் 'ஆங்ஸைட்டி' என்று ஒரு சொல். ரஞ்சனி போனில் தேடிப் பதற்றம் என்றாள். கலைமணிக்கு அது போதவில்லை. கண்ணை மூடி யோசித்தாள். ஃபைனல் மேட்ச், கடைசி ரெய்டு, கோட்டுக்கு முன்னால் குனிந்து மண்ணைத் தொடும்போது உள்ளே என்னமோ பண்ணுமே!

"அடிவயித்தக் கலக்குமே, அதான்டி இது!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "எல்லாம் ஏற்கெனவே எங்கிட்ட கீதுடி. பேருதான் தெரியாம இருந்துச்சு."

அன்றிலிருந்து அவள் வழி தனி வழி. ஒரு சொல் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த சொல்லுக்குப் போக மாட்டாள். டென்ஷன் தோள்பட்டையில். ஃபோகஸ் எதிராளியின் பாதத்தில். கான்ஃபிடன்ஸ் எங்கே என்று நாள் கணக்கில் தேடி, அது உள்ளங்காலில் என்று முடிவு கட்டினாள். கால் தரையில் நன்றாகப் பதிந்தால்தான் அவளுக்குத் தைரியம் வரும், அதனால். வீட்டில் அம்மா அம்சவல்லி, சோறு போட்டுக்கொண்டே, "இன்னாடி இது, தோள தொட்ற, கால தொட்ற, சாமி வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இங்கிலீஷு வருது" என்றாள் மகள்.

'செல்ஃப் டாக்' என்ற பாடம்தான் அவளுக்கு உயிர். ஆட்டக்காரர் தனக்குத் தானே பேசித் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பயிற்சி அது. லைனில் நின்றபடியே ஆரம்பித்தாள். "கலை, ரிலாக்ஸ். ஒன் ஸ்க்ரூ. நெக்ஸ்ட் ஸ்க்ரூ. குட்." மாஸ்க்குக்குள்ளே உதடு அசைவதை சூப்பர்வைசர் ஜெகநாதன் பார்த்துவிட்டார்.

"யார் கிட்டம்மா பேசினு கீற?"

"செல்ஃப் டாக் சார்."

"செல் டாக்கா?" மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்போன் செய்கிற கம்பெனிதான், ஆனால் லைனுக்குள் யாரும் செல்போன் கொண்டு வரக் கூடாது. லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு லேடி செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். பாக்கெட், காலணி, தலைக்குல்லாய் எல்லாம் சோதனை ஆயிற்று. காதில் ஏதாவது மாட்டியிருக்கிறாளா என்றுகூடப் பார்த்தார்கள். பக்கத்தில் ரஞ்சனி சிரிப்பை அடக்க முடியாமல் முகம் சிவந்து போனாள். பழைய கலைமணியாக இருந்தால் அவமானத்தில் அன்றைக்கே புத்தகத்தை மூட்டை கட்டியிருப்பாள். இவளோ செக்யூரிட்டி அம்மா சோதித்து முடிக்கிற வரைக்கும் "ரிலாக்ஸ், கலை, ரிலாக்ஸ்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

பரீட்சை நாள் வந்தது. அதே அறை. இந்தத் தடவை மேஜைக்குப் பின்னால் ரெண்டு பேர். ஒருத்தர் ஐஸ்வர்யா மேடம், வெளிநாட்டில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்தவர், கலைமணியைவிடச் சின்ன வயசு. இன்னொருத்தர் தாண்டவராயன், பழைய கபடி அம்பயர்.

முதல் ரெண்டு கேள்விக்குத் தட்டுத் தடுமாறிப் பதில் வந்துவிட்டது. மூன்றாவதாக மேடம் கேட்டார்: "உன் ப்ளேயர் ஒருத்தி 'ஐ கேன்ட், ஐ கேன்ட்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நீ என்ன செய்வாய்?" கேட்டது முழுக்க இங்கிலீஷில்தான். கலைமணிக்கு சட்டென்று புரிந்தது, முகம் மலர்ந்தது.

"வெரி குட் மேடம்! ஐ வில் சே, லவுடர்! டோன்ட் ஸ்டாப்! இஃப் ஷி ஸ்டாப், ஷி இஸ் அவுட்!"

மேடம் திருதிருவென்று விழித்தார். தாண்டவராயனோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் இதுதான். கபடியில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போகிறோமே, அந்தப் பாட்டுக்கு ரூல் புக்கில் கேன்ட் என்று பேர். பாட்டு நின்றால் ஆள் அவுட். 'முடியாது' என்பதை நம் ஊரில் 'காண்ட்' என்போம். மேடம் படித்த ஊரில் அதையும் கேன்ட் என்றுதான் சொல்வார்களாம். "என்னால் முடியாது" என்று ஒரு பெண் அழுகிறாள். இவள் "வெரி குட், இன்னும் சத்தமாச் சொல்லு" என்கிறாள்! தாண்டவராயன் சிரித்துக்கொண்டே ரெண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கலைமணிக்குக் காது மடல் சுட்டது.

"பரவால்லம்மா, விடு" என்றார் அவர், மெய்யான இரக்கத்தோடு. "நீ தமிழ்லயே சொல்லு. மேடத்துக்கு நான் சொல்லிக்கறேன்."

போன தடவை இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை சாமியை வேண்டியிருப்பாள்! இப்போது கும்பிடாமலே கிடைத்திருக்கிறது. தமிழில் சொன்னால் பிசிறில்லாமல் சொல்லிவிடுவாள், பாஸும் ஆகிவிடுவாள். யாரும் குறை சொல்லப் போவதில்லை. அடிவயிறு கலக்கியது. அவள் காலை நன்றாகத் தரையில் பதித்துக்கொண்டாள்.

"நோ சார். இங்கிலீஷ்." பிறகு மேடம் பக்கம் திரும்பி, "கொஸ்டின் ஒன் மோர் டைம், ப்ளீஸ்" என்றாள்.

மேடம் கேள்வியை மறுபடி நிதானமாகக் கேட்டார். கலைமணி ஆரம்பித்தாள். இலக்கணம் கன்னாபின்னாவென்று போனது, நடுவில் ரெண்டு இடத்தில் பேச்சு தடுக்கியது, அவள் மட்டும் நிற்கவில்லை. நான் கத்த மாட்டேன் மேடம். உன்னால் முடியும், முடியும் என்றும் சொல்ல மாட்டேன், அவள் நம்ப மாட்டாள். இன்றைக்கு எது முடியும் என்று கேட்பேன். கோட்டைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியுமா? சரி, அதைச் செய். நாளைக்கு இன்னும் கொஞ்சம். இவ்வளவையும் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மேடம் விடவில்லை. "இது பலிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டார்.

இதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது.

"மேடம், லாஸ்ட் டைம், திஸ் ரூம், ஐ டோல்ட் நத்திங். நாட் ஒன் வேர்ட். டுடே ஐ ஆம் டாக்கிங். யூ ஆர் லிசனிங்."

மேடம் பேனாவைக் கையில் எடுத்தார். அப்புறம் மார்க்கைப் போட்டு, தாளைத் தாண்டவராயன் பக்கம் நகர்த்தினார். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பாஸு, கோச்சம்மா" என்றார்.