ஆயுத பூஜைத் தட்டில் வைத்த சைக்கிள் தகடு

“ஞாயிறு. ஆயுத பூஜைக்கு மறுநாள். அக்காவைப் பார்த்தார்கள். சைக்கிள் போயிற்று.” நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் நான் எழுதி வைத்த குறிப்பு இது. தாளின் மேல்பாதி கிழிந்துவிட்டதால் வருடம் இல்லை. பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டிப் பார்த்து, பூஜை சனிக்கிழமை வந்த 1952 என்று முடிவுசெய்திருக்கிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலம். கெமாஸை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை ஒரே இடத்தில் குவித்து முள்வேலி போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குத்தான் கேட் திறக்கும். அக்கா சிரம்பான் ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டில் கிடந்தாள். எங்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. காலை ரயிலை விட்டால், அவளைப் பார்த்துவிட்டு ஊரடங்குக்குள் திரும்ப வழியில்லை. கேட் திறந்ததும் அப்பா அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துச் சைக்கிள் மிதித்தால் ரயிலைப் பிடித்துவிடலாம். நடந்தால் முடியாது. தோட்டத்து லோரி ஞாயிறு ஓடாது.

சைக்கிளை எங்கே விடுவது என்பதில்தான் வம்பு வந்தது. சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சைக்கிள்களெல்லாம் ஸ்டேஷனை ஒட்டிய சந்துகளில் சாய்ந்து கிடக்கும். வாசலைத் திறக்க முடியவில்லை என்று அங்கே குடியிருந்தவர்கள் புகார் செய்தார்கள். ஆளில்லாத சைக்கிளில் யார் எதைக் கட்டி வைத்திருப்பார்களோ என்ற பயம் போலீசுக்கு. கடைசியில் அந்தச் சந்துகளில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், வீட்டுக்கு ஒன்றாக, எண் அடித்த தகரத் தகடு கொடுத்தார்கள். தகடு தொங்காத சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு மாமா இருந்தார். தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை, அம்மாவுக்கு அண்ணன் முறை. சைக்கிளே இல்லாத அவர் தம் பெயரில் தகடு வாங்கி அப்பாவிடம் கொடுத்தார்.

“உமக்குச் சைக்கிள் இருக்கு, தகடு இல்ல. எனக்குத் தகடு இருக்கு, சைக்கிள் இல்ல. ரெண்டு பேரையும் சேத்தாத்தான் மாப்பிள்ளை, கவர்மெண்டுக்கு ஒரு முழு மனுசன்” என்றார்.

அந்தத் தகட்டின் தயவில் பல ஞாயிறுகள் போய்வந்தார்கள். சனிக்கிழமை ஆயுத பூஜை வந்தது. பால் வெட்டும் கத்திகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டுத் தாம்பாளத்தில் வைத்தோம். அம்மா சைக்கிளிலிருந்து தகட்டை அவிழ்த்து வந்து கத்திகளுக்கு நடுவில் வைத்தாள்.

அப்பா சிரித்தார். “ஏ புள்ள, தகரத்துக்குமா பூஜை?”

“கத்தி சோறு போடுது. இது புள்ளையைக் காட்டுது. எதை மொதல்ல கும்பிடணும், நீங்களே சொல்லுங்க.”

அப்பா அதற்குத் தாமே ஒரு பொட்டு வைத்தார்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் சூடம் காட்டும் வரை யாரும் தொடுவதில்லை. அந்த வழக்கத்தில் தகட்டையும் யாரும் தொடவில்லை. விடிவதற்கு முன் கேட்டில் வரிசை பிடிக்கும் அவசரம். அவர்கள் போன பிறகு சூடம் ஏற்றப் போன நான்தான் தாம்பாளத்தில் அதைப் பார்த்தேன்.

ஸ்டேஷனில் சைக்கிளைச் சாய்த்தபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்ததாம், கயிறு மட்டும் தொங்குகிறது. ரயில் வந்து நின்றுவிட்டது. திரும்பினால் அந்த வாரம் அக்காவைப் பார்க்க முடியாது. “வாங்க, இன்னிக்குப் பூஜை நாளு, ஒண்ணும் ஆகாது” என்று அம்மா ஏறிவிட்டாள். காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று, கேட்டைத் தாண்டிச் சோறு கொண்டுபோகத் தடை. அதனால் அம்மா முந்தானையில் முடிந்துபோனது பூஜைச் சந்தனம் மட்டுமே. அதை அக்காவின் நெற்றியில் இட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அப்பா தகட்டை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். தகட்டைக் காட்டினால் சைக்கிளைக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினார். சைக்கிள் லைசன்ஸ் அப்பா பெயரில், தகடு மாமா பெயரில். தகட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாமாவை அழைத்து எச்சரித்தார்கள். சைக்கிள் வரவேயில்லை.

இரவல் கேட்டோம்; தங்கள் சைக்கிளும் போய்விடும் என்று லயத்தில் எல்லாரும் பயந்தார்கள். சனி இரவு டவுனில் தங்க அனுமதி கேட்டோம். “ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு லயமே வந்து நிக்கும்லா” என்றார் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி. ஒரு ஞாயிறு மூவரும் பாதி நடந்து பாதி ஓடிப் போனோம். கடைசிப் பெட்டி வளைவில் மறைவதைப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மா அதன் பிறகு கிளம்பவில்லை. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. நான் போட்ட இரண்டு கடிதங்களை யாராவது படித்துக் காட்டினார்களா, தெரியவில்லை.

அக்கா தை மாதம் இறந்தாள். கிராணி ஆபீசுக்குத் தந்தி வந்து சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்த மாமா அம்மாவிடம் சொன்னார்: “நான் ஒரு ஞாயித்துக்கிழமை போயி புள்ளையைப் பார்த்தேன் தங்கச்சி. சைக்கிள் இல்லாமத்தான் நீங்க வரலைன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டுச்சு.” அம்மா சாகும்வரை அதை நம்பினாள்.

மாமா காலமான பிறகு சிரம்பானை அடுத்த ராசா என்ற ஊரில் குடியிருந்த மாமியைப் பார்க்கப் போனேன். அந்த மாதங்களில் மாமாவுக்கு எல்லா ஞாயிறும் வேலை இருந்ததாக அவர் சொன்னார். ஒரு நாளாவது மாற்றிக்கொண்டிருப்பாரோ, நினைவில்லை என்றார். ரயில்வேயில் பழைய வேலைப் பதிவு கேட்டேன், இல்லை என்றார்கள். மாமா சிரம்பான் போனது இன்றுவரை உறுதிப்படவில்லை.