அம்மா பத்தாவது பாஸான விருந்து

அந்த ஓட்டலைத் திறந்தபோது குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் கண்ணாடிச் சுவரும் மரத்தளமுமாகக் கட்டி, ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று பலகையும் வைத்துவிட்டார்கள். மழையோ கையை விரித்துவிட்டது. வந்தவர்களெல்லாம் வெடித்த மண்ணையும் மேய்கிற வெள்ளாடுகளையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த வருடம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. குளம் நிரம்பிக் கரையைத் தொட்டது. கார்த்திகையில் அம்மா பத்தாம் வகுப்பு பாஸானாள்.

அம்மா அகரம் பக்கத்தில் எங்கள் ஊர் பால்வாடியில் ஆயா. சமைப்பது, பிள்ளைகளுக்கு ஊட்டுவது, மூக்கைச் சிந்திவிடுவது எல்லாம் அவள் வேலை. டீச்சர் லீவு போடுகிற நாட்களில் பாட்டும் கதையும்கூட அவள்தான். டீச்சர் தாராளமாக லீவு போடுகிறவர். ஆனாலும் பிள்ளைகள் அம்மாவை ஆயா என்றுதான் கூப்பிடும். ஒன்பதாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள் அவளை. பத்தாவது முடித்தால் டீச்சராகலாம் என்று ஆபீசில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை. யாராவது ஒருத்தர் அவளை டீச்சர் என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கணக்குப் பரீட்சை அவளைத் திரும்பத் திரும்பக் காலை வாரியது. கடைசியில் நான் பிரவுசிங் சென்டரில் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு போனில் சொன்னேன்.

"நம்பரச் சரியாப் பாத்தியா? வேற யாரு நம்பரோ என்னமோ" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டதாம், அணைக்கப் போய்விட்டாள்.

விருந்து நான் வைக்கிறேன், அந்த ஏரிக்கரை ஓட்டலில், என்று சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை. அம்மா எழுந்திருக்கக் கூடாது. வீட்டில் அவள் முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வாய் வைப்பதற்குள் யாருக்காவது தண்ணீர் வேண்டியிருக்கும், யாருக்காவது ரசம். அன்றைக்காவது சூடாக, முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை அவள் உட்கார்ந்தே சாப்பிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

நான் அம்மாவைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அப்பாவை மறந்துவிட்டேன்.

அப்பாவுக்குப் பிழைப்பு பூ மார்க்கெட்டில் எடை போடுவது. பேர் வாங்கியது பந்தி விசாரிப்பதில். எங்கள் பக்கம் விருந்து வைக்கிறவர் பந்தியில் உட்கார மாட்டார். இலை இலையாக நின்று, போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு இலையைக் கேட்காமல் தாண்டிவிட்டால் அந்த உறவு அத்தோடு போச்சு. அப்பா எந்த இலையையும் தாண்டியதில்லை என்பதால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவரைத்தான் விசாரிக்க நிறுத்துவார்கள்.

சாயங்காலம் போனோம். தண்ணீரை ஒட்டிய மேஜை. காற்று சிலுசிலுவென்று வந்தது. கரையோரம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். தட்டில் பூ மாதிரி மடித்து வைத்திருந்த துணியை எடுத்து அம்மா மேஜையைத் துடைத்தாள். டை கட்டிய சர்வரிடம் அப்பா, மீன் இந்தக் குளத்து மீனா என்று விசாரித்தார். கொச்சியிலிருந்து வருகிறது என்றார் சர்வர்.

"தண்ணிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு கொச்சி மீனத் திங்கிறதா? பிரியாணியே கொண்டாங்க தம்பி."

பிரியாணி வந்தது. அப்பா எழுந்து நின்றார்.

"உக்காருங்கப்பா."

"ஆத்தா, விருந்து நம்ம விருந்து. நானே உக்காந்து தின்னா நல்லாவா இருக்கும்?"

சர்வர் கையிலிருந்த கரண்டியை வாங்கி, "நீங்க செத்த நேரம் ஓய்வா நில்லுங்க தம்பி" என்று சொல்லி எங்களுக்குப் பரிமாறினார். அப்பா நிற்கிறார் என்றதும் அம்மாவின் முழங்கால் தானாக எழும்பியது. நான் சட்டென்று என் நாற்காலிக் காலைத் தூக்கி அவள் முந்தானை மேல் வைத்துவிட்டேன். சர்வர் பாவம், வேலை போய்விட்டவர் மாதிரி நின்றார்.

எங்கள் தட்டு நிறைந்ததும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேஜையிலும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே கூடம், ஒரே நேரம். அவர் கணக்கில் அது ஒரே பந்தி. நான் கையைப் பிடிப்பதற்குள் போய்விட்டார்.

"போதுமா? தொட்டுக்க வெஞ்சனம் ஏதும் வேணுமா? கூச்சப்படாமக் கேளுங்க."

அங்கிருந்த ஒருவர், பேச்சைக் கேட்டால் ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையாகப் பாதி எழுந்து, "ஏனுங்க, நீங்கதான் முதலாளிங்களா?" என்றார்.

"இல்லங்க. எம் பொண்டாட்டி பத்தாவது பாஸ் பண்ணிட்டா."

கூடமே திரும்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அடுத்தடுத்த மேஜைகளையும் விடவில்லை. ஒரு மேஜையில் தயிர்ப் பச்சடி கேட்டார்கள். அதையும் சர்வரிடம் வாங்கி வைத்தார். மேனேஜர் ஓடி வந்தவர், எல்லோரும் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

சுற்றி வந்து ஒட்டன்சத்திரத்துக்காரர் மேஜையில் மறுபடி நின்றார் அப்பா. அவர் மனைவி மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டியது.

"இங்க ஒரு ஆளு சாப்பிடவே இல்லையே" என்றார் அப்பா, எங்கள் பக்கம் பார்த்து. அவர் அம்மாவைக் கூப்பிடவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது போதும். முந்தானை இழுபட்டது. என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியைத் தூக்கிவிட்டேன். அவ்வளவு பாடுபட்டும் வீண். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தட்டில் ஆவி பறக்கிற பிரியாணியில் அவள் பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அம்மா குழந்தைக்கு எதிரே குனிந்து, சோற்றைச் சின்னதாக உருட்டினாள். குளத்தைக் காட்டினாள்.

"தவள கத்துது பாரு. அதுக்கு ரொம்பப் பசியாம். இத அதுக்குக் குடுத்துரவா?"

குழந்தை யோசித்தது. வாயைத் திறந்தது. தவளைக்குப் போக வேண்டிய உருண்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. இடையில் தவளைப் பாட்டு ஒன்றும் நடந்தது. பக்கத்து மேஜைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஏனுங்கக்கா, இவ யாருகிட்டயும் இப்படித் திங்க மாட்டாளுங்க" என்றாள் குழந்தையின் அம்மா. "நீங்க டீச்சருங்களா?"

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. டீச்சர் வேலைக்கு ஆபீசிலிருந்து இன்னும் ஆர்டர் எதுவும் வரவில்லை. மறுநாள் காலையிலும் அவள் ஆயாதான், அது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கரண்டியோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் அம்மா. "பால்வாடி டீச்சர்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஆர்டரே வரல. வாய் கூசாமச் சொல்லிப்புட்டேன் பாரு" என்று என் காதில் சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து விக்கலாகிவிட்டது.

அப்பா வந்து அவள் தட்டைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணக் கூடத்தில் கடைசி இலைக்கும் கேட்கிற அதே குரலில் சர்வரைக் கூப்பிட்டார்.

"தம்பி, டீச்சர் சாப்பாடு ஆறிப்போச்சு. சூடா வேற கொண்டாங்க."

"இந்தா வந்துட்டேன் டீச்சர்" என்று சர்வர் உள்ளே ஓடினார். ஆவி பறக்க வேறு தட்டு வந்தது. அப்பா கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அப்புறம் யாருக்கு என்ன வேண்டியிருந்ததோ தெரியாது, அம்மா கடைசி வாய் வரை எழுந்திருக்கவில்லை.