செவுள் பிளந்த காளான்

முதுகலை தாவரவியல் படித்தபோது பூஞ்சைப் பாடத்துக்கு ஆளுக்கொரு பூஞ்சையை மாதிரியாகக் கொண்டுவந்து, அது என்னவென்று கண்டறிந்து, சீட்டு எழுதி ஒப்படைக்க வேண்டும். நான் கடைசி வாரம் வரை எதுவும் தேடவில்லை. என் தோழி எப்போதோ தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்கு வா. புயல்ல விழுந்த மாமரம் இன்னும் அப்படியே கிடக்கு. அதுல என்னமோ முளைச்சிருக்கு," என்றாள்.

மாடம்பாக்கத்தில் அவள் வீட்டுக் கொல்லைப்புறம். மட்கிய கிளை முழுக்க, விரல்நகம் அளவில் வெள்ளை விசிறிகள். மேலே மெல்லிய ரோமம்.

"சிப்பிக் காளான் குட்டி," என்றேன் நான்.

"இல்லடி. அடியில மடிப்பு மடிப்பா இருக்கே, அந்தச் செவுளைப் பாரு, நீளவாக்குல ரெண்டா பிளந்திருக்கு. சிப்பிக் காளானுக்கு அப்படி இருக்காது."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேப்பரில் சுற்றிப் பையில் போட்டவள் இரண்டு நாள் மறந்தே போனேன். ஒப்படைக்கும் நாள் காலையில் லேபில் பிரித்தால் எல்லாம் சுருண்டு, காய்ந்த தோல் மாதிரி இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் பஞ்சை நனைத்து, அதன்மேல் அவற்றை வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடினாள். "மதியம் வரைக்கும் சும்மா இரு."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். விசிறிகள் விரிந்திருந்தன. லென்ஸில் ஒவ்வொரு செவுளின் விளிம்பும் இரண்டாகப் பிரிந்து தெளிவாகத் தெரிந்தது. காய்ந்தால் சுருண்டு, ஈரம் பட்டால் விரிவதும் இந்த இனத்தின் குணம்தான் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அவள் சொன்னதுதான் சரி.

சீட்டை அவசரமாக எழுதினேன். சேகரித்தவர், இனங்கண்டவர் என்ற இரண்டு இடத்திலும் என் பெயர். பக்கத்தில் நின்ற அவள் அதைப் படித்தாள். தன் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டாள்.

பேராசிரியை சீட்டைப் பார்த்துவிட்டு, "சிப்பிக் காளான் இல்லன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது அவள் சொன்ன பதில்.

"நான் இல்ல மேடம். அவதான் கண்டுபிடிச்சா. நான் தப்பா சொன்னேன்."

அவர் சீட்டைத் திருப்பித் தந்தார். இனங்கண்டவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதினேன். மதிப்பெண் குறைந்தது.

மாலையில் தாம்பரம் ஸ்டேஷன் வரை வந்தவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "லூசாடி நீ? யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?" பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். என் ரயில் வந்தது, போனது. அடுத்ததும் போனது. என்ன பேசினோம் என்று இன்று ஒரு வார்த்தைகூட நினைவில்லை. எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.