மூன்றாவது ஆல்பத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். பிரிட்ஜ், அரிசிக் குக்கர், என் பள்ளிப் பை எதையும் அம்மா விட்டதில்லை. சித்தப்பாவின் மூன்றாவது ஆல்பமும் தப்பவில்லை.

சித்தப்பா சிலிபின் என்ற எங்கள் ஊரில் எங்களோடு இருந்தார். பகலில் ஏர்கோன் பழுதுபார்ப்பார், மாலையில் நண்பர்களோடு போஸ்ட்-பங்க் என்கிற முரட்டு ராக் இசை வாசிப்பார். முதல் இரண்டு ஆல்பங்களிலும் கிட்டார் தகரத்தைச் சுரண்டும், டிரம் தலைதெறிக்க ஓடும், சித்தப்பா யாரிடமோ சண்டை பிடிப்பார். மூன்றாவதில் அவருக்கு என்ன ஆயிற்றோ, கீபோர்டு வந்தது, வேகம் குறைந்தது, கத்தல் போய்ப் பாட்டு வந்துவிட்டது. இப்போதுதான் காது கொடுத்துக் கேட்க முடிகிறது என்று அப்பா பாராட்டினார். சித்தப்பாவின் முகம் வாடிப்போனது. ஏனென்றால் அவர் குழுவில் டிரம் அடிக்கும் நண்பர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அதையே வசவாகச் சொல்லியிருந்தார்.

"இனிமே கல்யாண மண்டபத்துல வாசிக்கப் போலாம்லா."

அப்படிச் சொல்லிவிட்டு, ரெக்கார்டிங் முடிந்த கையோடு குச்சிகளைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பொறுக்காமல் அம்மாவே அந்த அண்ணனைத் தீபாவளி விருந்துக்குக் கூப்பிட்டார்.

அன்று காலை ஆல்பத்தின் முதல் சிடி சாமி மேடைக்குப் போனது. எழுத்திருந்த பக்கம் முழுக்கக் கறுப்பு. நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பிலா பொட்டு வைப்பது? அம்மா திருப்பிப் பார்த்தார். பளபளக்கிற பக்கம்தான் முகம் என்று முடிவுசெய்து, சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்து, காயவிட்டு உறையில் போட்டார். புதுப் பாவாடையோடு பக்கத்தில் நின்ற எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அண்ணன் கறுப்புச் சட்டையில் வந்தார். அம்மா நீட்டிய குங்குமத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சித்தப்பா சிடியைப் போட்டார். இரண்டு பாட்டு முடியும்வரை அண்ணன் கூரையைப் பார்த்தபடி முறுக்குத் தின்றார். மூன்றாவது பாட்டில் சிடி சிக்கிக்கொண்டது. ஒரே இடத்தில் தட், தட், ததட் என்று திக்கியது. சித்தப்பா பேயறைந்த மாதிரி எழுந்தார். அண்ணனின் விரல்களோ முறுக்கு டின்னில் தாளம் போட ஆரம்பித்திருந்தன.

"விடு மச்சான், இது நல்லாருக்கு. வேணும்னே செஞ்சியா?"

சித்தப்பா மறுபடி உட்கார்ந்துகொண்டார். "வேணும்னேதான்."

அவர் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் அண்ணன் சிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சட்டை முனையில் எச்சில் தொட்டுப் பொட்டைச் சுத்தமாகத் துடைத்து உள்ளே வைத்தார். விரலில் ஒட்டிய குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"அந்த எடத்த மேடையில நாந்தான் அடிக்கணும்," என்றார், சித்தப்பா திரும்பி வந்ததும். "நாளைக்கு வாரேன்."

சித்தப்பா அன்று மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். அந்தத் தட்தட் அதன்பிறகு எந்தப் பிளேயரிலும் வரவில்லை. வேணும்னே செய்தவர் யாரிடம் போய்க் கேட்பார்? அண்ணன் மட்டும் ஒவ்வொரு மேடையிலும் அதைத் தவறாமல் அடித்தார்.

வேண்டாமென்றவர் தானாகவே பொட்டு வைத்துக்கொண்டாரே, அண்ணனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். திரும்பி வர ஒரு சாக்கு கிடைக்காதா என்றுதான் அவர் தீபாவளிக்கே வந்திருந்தார் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?