என் கைக்கு அளவெடுத்த கார்

எங்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’ என்பார்கள். தலைமுறை தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் நாங்களும் வீட்டில் தமிழ் பேசும்போது ஹவ்தான் போடுவோம். இப்போது அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம், லோத்குண்டாவில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் என் கார்.

எனக்கு வலது கால் குழந்தையிலேயே போலியோவில் போய்விட்டது. போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். தினமும் ஆட்டோவில் ஏறுவதே ஒரு கூத்து. காலிப்பர் என்கிற இரும்புப் பட்டை மாட்டிய காலை முதலில் தூக்கி உள்ளே வைக்கவேண்டும், பிறகு கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்ளவேண்டும். அதற்குள் ஆட்டோக்காரர் வண்டியை உறுமவிட்டு, ‘இவளை ஏன் ஏற்றினோம்’ என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். கார் ஓட்டியே தீருவது என்று முடிவெடுத்தது அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான்.

பெரிய கம்பெனி ஷோரூம்களுக்குப் போனோம். அங்கே ஒருத்தரும் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசவில்லை. “சார், பின்சீட்டு நல்லா தாராளம். மேடம் காலை நீட்டி உக்காரலாம்” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். ஓட்டப்போவது நான்தான் என்றதும் முழித்தார்கள். “அதெல்லாம் எங்ககிட்ட வராது மேடம், வெளியில எங்கயாவது மாட்டிக்குங்க” என்றார்கள். வெளியில் மாட்டினால் வாரன்ட்டி கிடையாது என்பதைப் போகிற போக்கில் சொன்னார்கள்.

மல்லாபூரில் எங்கள் ஊர் கம்பெனி ஒன்று சின்ன பேட்டரி கார் செய்துகொண்டிருந்தது. கேட்டதை ஃபேக்டரியிலேயே போட்டுத் தருவோம் என்பதுதான் அவர்கள் பீற்றிக்கொண்டது. புக்கிங் பார்த்த மேனேஜரும் செகந்திராபாத் தமிழர். நான் தமிழ் என்று தெரிந்ததும் மேடம் போய் அக்கா வந்துவிட்டது. “உங்க கை எவ்ளோ தூரம் எட்டும் அக்கா?” என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. டேப்பை எடுத்து, தோளிலிருந்து உள்ளங்கை வரை அளந்தார். நிமிர்ந்து உட்காரச் சொல்லி ஒரு தடவை, சாய்ந்து உட்காரச் சொல்லி இன்னொரு தடவை. முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் வண்டி ஓடும், காலுக்குப் பெடலே இல்லாமல் அப்படி ஒரு கை லீவர் போட்டுத் தருவதாகச் சொன்னார். அப்போதே அட்வான்ஸ் கட்டிவிடலாம் என்று பையைத் திறந்தேன்.

“ஊர்பேர் தெரியாத கம்பெனி. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, யோசிச்சுக்கோ” என்றார் வீட்டுக்காரர்.

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றேன்.

அன்றைக்கு அந்த புக்கிங் ஹாலில் யார் என்ன கேட்டாலும் கிடைத்தது. ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், தலைப்பாகை இடிக்காதபடி கூரையை உயர்த்தச் சொன்னார். ஹவ் சார். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர், பின்சீட்டைக் கழற்றிவிட்டு அண்டா வைக்கத் தட்டு கேட்டார். ஹவ் பாய். ஓர் அம்மா, முன்னால் பிள்ளையாரை வைக்கக் குட்டி மண்டபமும் அதற்குள் விளக்கும் கேட்டார். ஹவ் அம்மா, விளக்கு என்ன கலர்? இந்த மனிதருக்கு முடியாது என்றே சொல்லத் தெரியாதோ என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி, சொன்ன நாளைத் தாண்டி, எத்தனையோ ‘ஹவ் அக்கா’வைத் தாண்டி, ஒருவழியாக வந்தது. கோயில் வாசலில் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, குருக்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்து “எடுங்கோ சார்” என்றார். நான் லீவரை இழுத்தேன். பழம் நசுங்கிய சத்தம் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் யார் தயவும் இல்லாமல் போனேன், வந்தேன். பள்ளிக்கூட கேட்டில் நானே போய் இறங்குவேன். மழை பெய்தால் ஆட்டோ கிடைக்காத மற்ற டீச்சர்களை நான் கொண்டுபோய் விடுவேன்.

ஒருநாள் லோத்குண்டா சிக்னலில் பிரேக்குக்காக லீவரைத் தள்ளினேன். கை மட்டும் போனது, வண்டி நிற்கவில்லை. முன்னால் பஸ். ஹேண்ட்பிரேக்கை எப்படிப் பிடித்து இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸை முட்டுகிற மாதிரிப் போய் நின்றது. லீவரையும் பிரேக்கையும் சேர்க்கும் இணைப்பு விரிந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னார். வெளி ஒர்க்ஷாப்புகளில் கேட்டோம். பிரேக் விஷயம், கம்பெனி பார்ட் இல்லாமல் தொடமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

கம்பெனிக்கு போன் செய்தேன். “ஹவ் அக்கா, பார்ட் வந்துடும். டென்ஷன் நக்கோ, கவலையே படாதீங்க.” மறுவாரம், “ஹவ் அக்கா, நாளைக்கு ஆள் வருவான்.” அந்த ஆளுக்காக லீவு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவனும் வரவில்லை. இடையில் அவர்கள் ஷோரூமை மூடினார்கள், பாதி ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒருவருக்குக் கூரையை உயர்த்தும்வரை பின்னால் எல்லா வண்டியும் நிற்கிறது. ஒரு வண்டிக்குச் செய்த பார்ட் இன்னொரு வண்டிக்குச் சேராது. உருப்படுமா அந்த ஃபேக்டரி? நான் மறுபடியும் ஆட்டோக் கம்பியைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தேன். இன்னொரு கார் வாங்க எங்களுக்கு வழியில்லை. வீட்டுக்காரர் ‘அப்பவே சொன்னேன்’ என்று வாயால் சொல்லவில்லை. முகத்தில் எழுதி ஒட்டிவைத்திருந்தார்.

போன மாதம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று மல்லாபூர் போனேன். ஆட்டோ ஓடிவிடக்கூடாதே என்று வீட்டுக்காரர் அதிலேயே உட்கார்ந்துகொண்டார். ஃபேக்டரி கேட் பாதி சாத்தியிருந்தது. ஷெட்டுக்குள் அரைகுறையாக வண்டிகள். ஒன்றுக்குக் கூரை உயரம், ஒன்றுக்குப் பின்சீட்டு இல்லை, ஒன்றில் மண்டபம் மட்டும் இருக்கிறது, ஸ்டியரிங் இல்லை. ஷெட் மூலையில் கேன்டீன் பெஞ்சில் மேனேஜர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

“ஹவ் அக்கா, உங்களுதுதான் பார்த்துட்டிருக்கேன். ஆயிடும்.”

அதற்குள் அவர் போன் அடித்தது. “ஹவ் சார், ஹவ், அடுத்த வாரம் டெலிவரி” என்றார். எந்த வண்டி, எந்த வாரம்? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“போதும் நிறுத்துங்க! உங்க ஹவ்வைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. வாயைத் தொறந்து ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்க. நான் எழுந்து போயிடறேன்.”

என் குரல் ஆளில்லாத அந்த ஷெட்டில் முட்டிமோதி எனக்கே திரும்பி வந்தது. அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். என் கையைப் பார்த்தார், அன்றைக்கு அளந்த அதே கையை.

“முடியாது அக்கா” என்றார். “உங்க பார்ட்டை செஞ்ச ஆளும் போயிட்டான், அதுக்கான அச்சையும் மெஷினோட தூக்கிட்டுப் போயிட்டாங்க. வேற ஒருத்தருக்குச் செஞ்ச லீவர் ஒண்ணு கெடக்கு. அது உங்களுக்கு நீளம். அவசரத்துக்குத் தள்ளினா கை முழுசா எட்டாது, பிரேக் பிடிக்காது. அதை உங்க வண்டியில போட மாட்டேன். உங்க கார் இனிமே ஓடாது.”

நேராகப் பதில் சொல்லிவிட்டார். இதைத்தானே கேட்டேன்? எழுந்து போயிடறேன் என்று சொன்னவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அடப்பாவி, நான் திட்டுவதற்காகச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாயே, இன்னும் ஒரு தடவை ஹவ் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. அவரே வந்து கை கொடுத்தார். நான் அதைப் பிடிக்காமல் நாற்காலியை ஊன்றி எழுந்தேன்.

ஆட்டோவில் காலைத் தூக்கி வைத்து, கம்பியைப் பிடித்து ஏறினேன். வீட்டுக்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

“என்ன சொன்னான்? ஆயிடுமாமா?”

வெளியே கேட்டைப் பார்த்துக்கொண்டே, “ஹவ்” என்றேன்.