ஸ்மார்ட் போர்டில் வைத்த சந்தனம்

செல்லபாய் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் கொழுந்தன் மகன் வன்னியராஜுக்குப் பெண் கேட்டு விளவங்கோட்டுக்குப் போன அன்று. டீச்சர் படிப்புப் படித்த பெண், ஆனால் கதவு அடித்தாலும் நடுங்குவாள் என்று அவளுடைய சித்தியே சொன்னாள்.

கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்குச் சாலை என்ற கடைத்தெருப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு கிடைத்தது. தற்காலிக வேலை, வருஷா வருஷம் ஆர்டர் வர வேண்டும். போன வருஷம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். விரலால் தொட்டு இழுத்தால் படம் நகரும். சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்ததும் கல்வி ஆபீஸர் வந்து அதில் இவள் நடத்தும் பாடத்தைப் பார்ப்பார், அதை வைத்துத்தான் அடுத்த ஆர்டர் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரே தொட்டுக் காட்டினால் பிள்ளைகள் சினிமா பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் எழுந்து வந்து தொட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் சாலைக் கடைத்தெருவையே படமாகப் போட்டாள். கீழே கிடக்கும் சாமானைப் பிள்ளைகள் இழுத்து அதற்குரிய கடையில் சேர்த்து, ஏன் அங்கே என்று வாயாலும் சொல்ல வேண்டும்.

பூஜை வைப்பு அன்று, பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களோடு போர்டின் சட்டத்துக்கும் நாலு மூலையிலும் சந்தனம் வைத்தாள். விடுமுறை முடிந்து ஆபீஸர் வந்த காலையில் போர்டை ஒரு தடவை போட்டுப் பார்க்கவும் அவளுக்குப் பயம்.

ஆபீஸர் நாகேஸ்வரன் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆர்ஷா என்ற பிள்ளை அரிசி மூட்டையைத் தொட்டாள். மூட்டை தானாக ஓடி மூலையில் நின்றது. மறுபடி இழுத்தாள், மறுபடியும் மூலை. பிள்ளைகள் சிரித்தார்கள். செல்லபாய் போர்டின் கிட்டப் போய்ப் பார்த்தாள். அப்போதுதான் காய்ந்த சந்தனம் கண்ணில் பட்டது. சட்டத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுமாம். அதை எது மறைத்தாலும் விரல் என்றே போர்டு நினைக்குமாம். மிஷின் கேடு என்று சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம். உள்ளதைச் சொன்னால் வேலை போகும்.

"சாரே, போர்டுல கேடில்ல. நான் பூஜைக்குச் சந்தனம் வச்சேன், அதான்." குரல் எழும்பவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அதை விரல்னு நெனச்சு ஓடுது, அல்லே? தொடச்சிட்டு மறுபடி ஆத்யம் முதல் எடுங்க டீச்சரே. பிள்ளைங்க கையைத்தான் நான் பாக்கணும்."

சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதன்பிறகு பிள்ளைகள் போர்டை விடவில்லை. மண்வெட்டியைத் துணிக்கடையில் வைத்த பையனோடு முன் பெஞ்சே சண்டைக்குப் போனது. இவள் போர்டைத் தொடாமல் ஓரமாக நின்றாள்.

ஆபீஸர் நல்லது கெட்டது சொல்லாமல் போனார். அப்புறம் வீட்டில் போன் அடித்தாலே பள்ளிக்கூடத்துச் சேதியோ என்று பயந்து, "மாமி, நீங்க எடுங்க" என்று உள்ளே போய்விடுவாள். ஜூன் மாதம் ஆர்டர் வந்தது.

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். வேலை இன்னும் தற்காலிகம்தான்.